பதினாலாம் பக்கம்

எங்கள் துறையில் என்னை 'மூணு கோடு' என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார விசை, அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசை, அதைச் சிதைக்கும் விசை ஆகிய மூன்றின் வலிமையையும் கோடுகளாக வரைந்தால் மிக உயர்ந்த ஆற்றலில் ஒரே புள்ளியில் சந்திக்கும், ஆதியில் மூன்றும் ஒன்றே என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவருகிறேன்.

என்னைப் போன்றவர்களுக்குத் தபாலில் 'கண்டுபிடிப்புகள்' வந்து குவியும். அதற்கென்றே ஒரு பதிலை அச்சடித்து வைத்திருந்தேன்: ஆர்வத்துக்கு நன்றி, முதலில் பாடநூலைப் படிக்கவும். லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் கடிதத்துக்கும் அதையே அனுப்பினேன். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை.

போன வாரம் மேஜையை ஒழிக்கும்போது அந்தக் கடிதம் சிக்கியது. கொஞ்சம் சிரிக்கலாமே என்று படித்தேன். என் கட்டுரையின் பதினாலாம் பக்கத்தில் ஒரு துகளை நான் இரண்டு தடவை எண்ணிவிட்டதாக எழுதியிருந்தார். மூன்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவைதான் எண்ணியிருந்தேன். அதைத் திருத்தினால் கோடுகள் கிட்டத்தில் வந்துவிட்டுச் சந்திக்காமலே போய்விடுகின்றன.

இன்று எனக்குப் பாராட்டுக் கூட்டம். சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடையேறினேன். முன்வரிசையில் மனைவி, மாமனார், துறைத் தலைவர். மூன்று கோடுகளும் சந்திக்கும் பழைய வரைபடத்தையே திரையில் போட்டேன். கைதட்டினார்கள். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

கூட்டம் கலைந்ததும் ஒருவர் வந்தார். வேலைக்குப் போடும் நீலச்சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். கையில் தடிப் பாடநூல், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"சார், நான்தான் லிஃப்ட் மெக்கானிக். லெட்டர் போட்டிருந்தேனே."

நான் அந்தப் பென்சில் குறிப்புகளையே பார்த்தேன்.

"நீங்க சொன்னபடியே புக்கை வாங்கி முழுசாப் படிச்சேன் சார். அப்பவும் அந்த ரெண்டு தடவை உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. இன்னிக்கு நீங்க அடிச்சுச் சொன்னதைக் கேட்டதும்தான் தெளிஞ்சுது. தப்பு என் பக்கம்தான். உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சுக்குங்க."

ஒரே ஒரு வாக்கியம் போதும், இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அதற்குள் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"பரவாயில்லைங்க, எல்லாருக்கும் வர்ற தப்புதான்" என்றேன்.

மனிதருக்கு முகமெல்லாம் நிம்மதி. "இனிமே இந்தக் கணக்குப் பக்கமே வரமாட்டேன் சார்" என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். முதல் பக்கத்தில், 'ஆர்வத்துக்கு நன்றி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.