சிரிப்பில்லாத ஒரு நிமிடம்

தங்கேஸ்வரிக்கு அந்த வீட்டுப்பாடம் முதலில் விளையாட்டாகத்தான் பட்டது. நூலகத்தில் நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பில், வாரம் ஒரு நிமிட வீடியோ எடுத்துவரச் சொல்லியிருந்தார் ரீச்சர். பார்த்து வாசிக்கக் கூடாது. யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டிய ஒன்றைத் தன் வாயால் சொல்ல வேண்டும். பிழை விட்டால் அழித்துவிட்டு மறுபடி எடுக்கலாம்.

அழிக்கலாம் என்பதுதான் அவளுக்குப் பிடித்தது. வாழ்க்கையில் வேறு எங்கே அப்படி விடுகிறார்கள்?

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ரெக்ஸ்டேலில் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையின் குளிரறையில் நின்று நின்று, வலது தோளிலிருந்து விரல் நுனி வரை வலி, பிறகு தொட்டாலும் தெரியாத விறைப்பு. முன்பதிவில்லாமல் போகிற வோக்-இன் கிளினிக்கில் அவள் தமிழில் மூச்சுவிடாமல் சொன்னதையெல்லாம் கணவர் மாமாங்கம் இரண்டே சொல்லில் முடித்தார். "ஷோல்டர் பெயின்." மாத்திரை கிடைத்தது. மறுமுறையும் அதே இரண்டு சொல், அதே மாத்திரை. இப்போது றிச்மண்ட் ஹில்லில் நரம்பு டொக்டரைப் பார்க்க நாள் கிடைத்திருக்கிறது. அங்கேயும் இரண்டு சொல்லோடு திரும்பினால் மறுபடி குளிரறைதான். இந்த முறை தானே பேசுவதென்று முடிவெடுத்திருந்தாள்.

வகுப்பில் ஒருவர் வீடியோவை மற்றவர் பார்த்து அபிப்பிராயம் சொல்ல வேண்டும். பக்கத்துக் கதிரை மக்டலீன் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்தினாள்.

"என்ன, பிழையா?"

"இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு, அக்கா. ஆனா என்னத்துக்கு இந்தச் சிரிப்பு? கலியாண வீட்டு வாசல்ல நிண்டு ஆக்களை வாங்கோ வாங்கோ எண்டு கூப்பிடுற மாதிரியெல்லோ இருக்கு."

"நான் எங்க சிரிச்சன்?"

"கை செத்துப் போச்சு எண்டு சொல்லுறியள். முகம் பலகாரம் எடுங்கோ எண்டுது."

அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். உண்மைதான். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் அந்தச் சிரிப்பு வந்து நின்றது. இந்த நாட்டில் வந்திறங்கிய அன்று விமான நிலையத்தில் சீருடைக்காரனுக்குச் சிரித்தது, சூப்பர்வைசருக்குச் சிரிப்பது, பஸ் ஓட்டுநருக்குச் சிரிப்பது. சொல் கிடைக்காத இடத்திலெல்லாம் அதைத்தான் வைத்து அடைத்திருக்கிறாள். கணவர் பேசும்போது பக்கத்தில் இருந்து அப்படித்தான் சிரித்திருப்பாள். டொக்டர் யாரை நம்புவார்? இரண்டு சொல்லையா, அந்த முகத்தையா?

உதட்டை இறுக்கிக்கொண்டு எடுத்துப் பார்த்தாள். சண்டைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. அழித்தாள். மறுபடி எடுத்தாள். சிரிப்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. அழித்தாள்.

ஓவர்டைம் செய்த ஒரு சனிக்கிழமை. மாமாங்கம் பால் வாங்கக் கடைக்குள் போயிருந்தார். காருக்குள் அவள் மட்டும். இடது கையால் ஃபோனை முன்கண்ணாடியில் சாய்த்து வைத்துப் பேசினாள். இலக்கணம் யோசிக்கவில்லை. முகத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை. சிரிப்பதற்குக்கூட உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. பேசி முடித்தபோது அழிக்கவும் அலுப்பாக இருந்தது. அப்படியே விட்டாள்.

டொக்டரிடம் போகிற நாளில் மாமாங்கம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றார்.

"நான் தனியப் போறன் எண்டு சொன்னன்தானே?"

"அங்க போய் என்னத்தப் பேசுவ, புள்ள? நான் பாத்துக்கிறன். நீ சும்மா இரு."

அன்பாகத்தான் சொன்னார். அதை எதிர்க்க அவளுக்குத் தெம்பில்லை.

டொக்டர் இளம் பெண். "ஹவ் ஆர் யூ டுடே?"

"ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ." கேட்ட மாத்திரத்தில் வாய் சொல்லிவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. அவ்வளவு நாள் பழகியதெல்லாம் எங்கே போயிற்று?

"ஷோல்டர் பெயின், டொக்டர்," என்றார் மாமாங்கம். "லிட்டில் பிட்."

டொக்டர் கணினியில் தட்டத் தொடங்கினார். அந்தத் தட்டலில் தன் கை கையைவிட்டுப் போவதுபோல் இருந்தது தங்கேஸ்வரிக்கு. பையைத் துழாவி ஃபோனை எடுத்து, மேசையில் வைத்து அழுத்தினாள்.

காருக்குள் பேசிய குரல் அறைக்குள் வந்தது. மெதுவான, உடைந்த ஆங்கிலம். இரவில் விழிக்கிறேன், என் கை அங்கே இல்லை. மற்றக் கையால் தேடுகிறேன். தட்டுகளை விழுத்துகிறேன், ஒருவருக்கும் சொல்வதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

தட்டல் நின்றது. டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பினார். எந்த விரல்கள், எப்போதிருந்து என்று கேட்டார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். சொல் தடுமாறிய இடத்தில் நிறுத்தினாள். அந்த இடத்தைச் சிரிப்பால் அடைக்கவில்லை. டொக்டர் காத்திருந்தார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதினார். அதுவரை குளிரறை வேண்டாம் என்றார்.

காரில் மாமாங்கம் சாவியைப் போட்டார், திருப்பவில்லை.

"பயம் எண்டு எனக்கிட்ட ஒரு நாளும் சொல்லல்லையே."

யோசித்துப் பார்த்தாள். தமிழில் அந்தச் சொல்லை அவள் யாரிடமும் சொன்னதில்லைதான். தமிழில் அவளுக்கு அதைச் சுற்றிப் போக எத்தனையோ வழி இருந்தது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

"இஞ்ச குடு. திரும்பக் கேக்கப் போறன்." மாமாங்கம் கையை நீட்டினார்.

ஃபோனைக் கொடுத்துவிட்டு, இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.