கனம் குறைந்த பீரோ

மூன்று நாளாக எனக்கு வலது முட்டியில் வலி. படி ஏறினால் உள்ளே யாரோ திருப்புளி வைத்துத் திருகுவது போலிருக்கும். அன்று ஒரு வீடு மாற்றும் வேலை. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேனிலிருந்து இரும்பு பீரோவை இறக்கியதும் கூட்டாளி நெட்டையன் சொன்னான்: "நீங்க மேல் பக்கம் பிடிங்கண்ணே. கீழ நான் வர்றேன்."

பத்து வருஷமாகக் கீழ்ப்பக்கம் என்னுடையது. அன்று விட்டுக்கொடுத்தேன்.

பீரோவைக் காலி செய்ய அந்த வீட்டு மாமியார் சம்மதிக்கவில்லை. பூட்டினது பூட்டினபடியே போகட்டும் என்றுவிட்டார். மேலே கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தினோம். நெட்டையன் படியில் போய் உட்கார்ந்துவிட்டான். வேலை சுளுவாக முடிந்த சந்தோஷத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"போன தடவையும் இதை நாந்தாம்மா தூக்கினேன். நாலு வருஷம் இருக்குமா? அப்ப உயிரே போச்சு. இப்ப அதுல பாதி கனம்கூட இல்ல."

நல்லதாக நினைத்துத்தான் சொன்னேன். மாமியார் முகம் சுண்டிப்போனது.

"நாலு வருஷம் முன்னாடி வீட்டுல நானும் என் மகனும் மட்டும்தான்," என்றார்.

காகிதத்திலிருந்து டம்ளர்களைப் பிரித்துக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றது. "நான் எதையும் தொடல அத்தை."

"உன்ன நான் ஏதாச்சும் சொன்னேனா?"

சாவி இடுப்பிலிருந்து வந்தது. சேலைகள், பித்தளைப் பாத்திரங்கள், நகை டப்பா, செத்துப்போன மாமனாரின் கைக்கடிகாரம் எல்லாம் தரைக்கு இறங்கின. இரண்டு தரம் எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

"எல்லாம் இருக்கே. அப்ப கனம் எங்க போச்சு?"

என்னைத்தான் கேட்டார். தராசு நான்தானே. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

சட்டையைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்த நெட்டையன் கதையைக் கேட்டான்.

"படியில மேல பிடிக்கிறவனுக்கு ஏதுண்ணே கனம்? வழி காட்டிக்கிட்டே வந்தீங்க. மொத்தமும் என் நெஞ்சுலதான் இறங்குச்சு. கனம் எங்க போச்சுன்னு என் இடுப்பக் கேளுங்கம்மா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் சிரித்தது மருமகள்.

"துணிய அடுக்கி வைக்கலாமேன்னுதான் திறந்தேன்," என்றார் மாமியார், யாரையும் பார்க்காமல்.

"ஆமாங்கத்தை. தரையில அடுக்கினா நல்லா நிக்கும்."

மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவருமாகக் குனிந்து சேலைகளை எடுக்க ஆரம்பித்தார்கள். எங்களுக்கு டீ வந்தது. சர்க்கரை தாராளம்.

இறங்கும்போது முட்டி அவ்வளவாக வலிக்கவில்லை. "இனிமே மேல பிடிச்சா வாய மட்டும் திறக்காதீங்கண்ணே," என்றான் நெட்டையன். சிரித்துக்கொண்டே வேன்வரை வந்துவிட்டேன்.

டீயைக் கையில் தந்தபோதே அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அது இன்னும் பாக்கி.