கருப்புக் கிடா

மொக்கம்மாளின் கருப்புக் கிடா அவளுடைய பெட்டிச் சாவியை விழுங்கிவிட்டது. 1947 தை மாதம். மகன் பர்மாவிலிருந்து உயிரோடு திரும்பியதற்காக, ஆடியில் அம்மனுக்கு வெட்ட நேர்ந்துவிட்ட கிடா அது.

பெரியகுளத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் என் அண்ணன் சுந்தர்ராஜ் எக்ஸ்ரே இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, கிடாயை மேசையில் படுக்கவைத்துக் கட்டினோம். திரையில் சாவி தெரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கூட வந்தவர்கள் முப்பத்தாறு பேர்.

"எங்கன இருக்கு? எனக்குத் தெரியலையே!"

"ஏலே, நகருடா. நீ ரெண்டாந்தடவ பாக்குற."

அண்ணன் எல்லோருக்கும் காட்டினான். ஒன்றேகால் மணி நேரம் இயந்திரம் ஓடியது. எங்கள் மேலும் கொஞ்சம் எக்ஸ்ரே கதிர் பட்டிருக்கும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாவி தானாக வெளியே வந்தது. ஆறாம் நாள் கிடா தின்பதை நிறுத்தியது. கழிச்சலில் ரத்தம் இருந்தது. மதராஸில் டாக்டருக்குப் படித்தபோது, இப்படிக் கதிர் பட்ட எலிகளைப் பற்றிக் கல்லூரியில் படித்திருந்தேன். எலிகள் பிழைக்கவில்லை.

"குடல் புண்ணாயிருச்சு. தினம் பெனிசிலின் ஊசி போடணும், மோரும் ஊத்தணும்" என்றேன்.

"ஊசி எதுக்கு?" என்றாள் மொக்கம்மாள்.

"கிருமியக் கொல்ல."

"மோரு?"

"நல்ல கிருமிய உள்ள விட."

"ஏத்தா, ஒன்ன மதராஸுக்கு அனுப்புன காசுக்கு ஒங்கய்யா ரெண்டு மாடு வாங்கியிருக்கலாம்."

ஆனாலும் ஊற்றினாள். மூங்கில் குழாயில், வேளைக்கு அரைப்படி. பெனிசிலினை அண்ணன் கொண்டுவந்தான். எப்படி என்று நான் கேட்கவில்லை. பதினோராம் நாள் கிடா அகத்திக்கீரை தின்றது. பிறகு கதிர் பட்ட விலாவில் முடி கொட்டியது. ஆடிக்குள் திரும்ப முளைத்தது, வெள்ளையாக, இரண்டு கை அகலத்துக்குச் சதுரமாக.

கோயிலில் பூசாரி சுருளியாண்டி கிடாயை இரண்டு முறை சுற்றிவந்தார்.

"அம்மனுக்கு முழுக் கருப்புத்தான். இது ஆகாது."

மொக்கம்மாள் என்னைப் பார்த்தாள். "இதுக்கு ஒரு ஊசி இல்லையா?"

"இல்ல."

பூசாரி பக்கம் திரும்பினாள். "ஆத்தாளுக்கு வர்ற செவ்வாய்க்கெழம வேற கிடா கொண்டாறேன்" என்றாள்.

"அப்ப இதக் கறிக்குப் போடு" என்றார் பூசாரி.

"நீரா இதுக்கு வாயப் பொளந்து மோரு ஊத்துனீரு?"

கிடாயைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அது யாருடைய வேலியிலோ நின்று மேய்ந்தது. மேய்ந்து முடிக்கும்வரை அவளும் வெயிலில் நின்றாள்.