தொடச் சொன்ன டப்பா

அகாகி தொமோயே வாயைத் திறந்து பேசிய நாட்களை அவள் அலுவலகத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒகயாமா நகரத்தில் பீச் ஜெல்லி செய்யும் கம்பெனி அது. அங்கே டப்பா வடிவமைக்கும் பிரிவில் பதினோரு வருஷம். கூட்டங்களில் கடைசி நாற்காலிதான் அவள் இடம். யாராவது கருத்துக் கேட்டால் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மூன்று வருஷம் ஒற்றைக்காலில் நின்றாள். ஜெல்லி டப்பாவுக்கு பீச்சின் தோல் வேண்டும் என்றாள். படம் போட்டால் போதாதாம். கையில் எடுத்தால் அந்த மெல்லிய பூமுடி விரலில் படவேண்டுமாம். காகிதத்தின் மேல் பஞ்சுத்தூளை ஒட்டிப் பதினேழு மாதிரிகள் செய்தாள். முடி கொஞ்சம் நீண்டால் பூனையைத் தடவுவது போலிருந்தது. குறைந்தால் இரண்டு நாள் சவரம் செய்யாத மோவாய். பதினேழாவதுதான் சரியாக வந்தது. மூடியை உருண்டையாக வளைத்து, நடுவே ஒரு மடிப்பும் வைத்தாள். கட்டைவிரல் தானாக அந்த மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சோதனைக்கும் குறையில்லை. நூற்று நாற்பது பேரை வரவழைத்து டப்பாவைக் கொடுத்துப் பார்த்தாள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் “அட!” என்றார்கள். திருப்பித் தர மறந்து தடவிக்கொண்டே இருந்தவர்களும் உண்டு. அந்தத் தெம்பில்தான் கடைசிக் கூட்டத்தில் மேனேஜர் குரிமோட்டோவிடம் அவள் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டாள்.

“இந்த டப்பாவுக்கு விற்கிற ஆளே வேண்டாம் சார். கை பட்டாப் போதும். மிச்சத்த அதுவே பேசிக்கும்.”

குரிமோட்டோ நல்ல மனிதர்தான். ஆனால் கிடைத்த வாய்ப்பை விடுகிறவர் இல்லை.

“அப்படியா? ரயில் நிலையத்துப் பக்கத்துப் பெரிய கடையில, கீழ்த்தளத்துல நமக்கு ஒரு வாரம் இடம் குடுத்திருக்காங்க. புதன்கிழமையிலேர்ந்து செவ்வாய் வரைக்கும். அகாகி சான், நீங்களே போய் நில்லுங்க. பேச வேண்டாம். அதான் டப்பா பேசுமே.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். வாரத்துக்குள் இருநூற்று நாற்பது டப்பா போனால் அந்தக் கடை ஏழு ஊர்க் கிளைகளிலும் ஜெல்லியை ஏற்றுக்கொள்ளும். போகாவிட்டால் பழைய பளபளப்பு அட்டை, அதன் மேல் பீச் படம், அவ்வளவுதான். பூமுடிக் காகிதம் குப்பைக்குப் போகும். தொமோயே நோட்டில் தேதியைக் குறித்துக்கொண்டாள். வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

புதன்கிழமை காலை பத்து மணி. கடை திறந்ததும் ஜனங்கள் கீழே இறங்கினார்கள். கோடைக்காலப் பரிசு வாங்கும் சமயம், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். தொமோயேவின் மேசையில் வரிசையாக இளஞ்சிவப்பு உருண்டைகள். பக்கத்தில் பழக்கடை. கடைக்காரர் ஓமோரிக்கு அறுபது வயது, குரல் மட்டும் இருபது வயதிலேயே நின்றுவிட்டது. “வாங்க, வாங்க! இன்னிக்குப் பறிச்சது!” என்று அவர் போட்ட சத்தத்தில் தொமோயேவின் “வாங்க” அவள் காதுக்கே எட்டவில்லை.

ஆனால் டப்பாவைப் பார்த்து நிற்காதவர் இல்லை. ஒரு பெண்மணி இரண்டு கைகளையும் மார்பில் சேர்த்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். “என்ன அழகு! தொடவே பயமா இருக்கு” என்றாள். ஒரு கிழவர் முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு சின்னப் பெண் விரலை நீட்டினாள். அவள் அம்மா பளீரென்று அந்தக் கையில் ஒன்று போட்டு, தொமோயேவிடம் மூன்று முறை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள். இப்படி நாளெல்லாம் பாராட்டு மழை. தொமோயே உள்ளுக்குள் பூரித்துப் போனாள். சாயங்காலம் எண்ணிப் பார்த்தாள். ஆறு டப்பா போயிருந்தது.

வியாழக்கிழமை ஐந்து. வெள்ளிக்கிழமை மதியம் வரை மூன்று.

அன்று மதியம் சாப்பிட்டுத் திரும்பியவள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். அவள் மேசையில், டப்பாக்களுக்கு முன்னால், ஒரு அட்டை நின்றுகொண்டிருந்தது. அழகான தூரிகை எழுத்து. ‘பீச்சைக் கையால் தொட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’

“ஓமோரி சான்! இத யார் வச்சது?”

“நான்தான். என் கடை அட்டை, ஒண்ணு கூடுதலா இருந்துச்சு.” ஓமோரி நன்றியை எதிர்பார்த்து நின்றார். “நீ இல்லாத நேரத்துல ஒரு பையன் விரல நீட்டிட்டான்மா. எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு.”

“இது பழம் இல்ல, டப்பா! தொடத்தான் செஞ்சிருக்கேன்!”

“டப்பான்னு எனக்கும் தெரியும். ஆனா பார்த்தாப் பழமாத்தானே இருக்கு? பீச்சை ஒருத்தன் அழுத்திப் பார்த்தா சாயங்காலம் அந்த இடம் கருத்துப் போகும், அப்புறம் அத எவன் வாங்குவான்? இந்த ஊர்ல பொறந்தவனுக்கு நடை பழகுறதுக்கு முன்னாடியே அது தெரியும். உங்க அம்மா உன்ன அடிக்கலையா?”

அடித்திருக்கிறாள். இதே கடையில், இதே தளத்தில், தொமோயேவுக்கு நாலு வயதில். ஏன், போன வருஷம் தன் அக்கா மகன் கையை அவளே தட்டிவிட்டிருக்கிறாள். மூன்று வருஷம் பாடுபட்டு, பீச்சைப் போலவே ஒரு டப்பா செய்து, பீச்சைத் தொடவே கூடாது என்று வளர்ந்த ஊருக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். எவ்வளவு தத்ரூபமோ அவ்வளவு தூரத்தில் நின்றன கைகள். தொமோயே அப்படியே காலி அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“நூத்தி நாப்பது பேரும் தொட்டாங்களே” என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

“எந்த நூத்தி நாப்பது பேரு?”

“சோதனைக்கு வந்தவங்க. ஒருத்தர்கூடத் தயங்கல. நீங்களும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவ.”

“ஆளை விடு தாயே.” ஓமோரி கைகள் இரண்டையும் ஏப்ரனுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “நாப்பது வருஷமா மத்தவங்கள அதட்டிட்டு, நானே தொடறதா?”

தொமோயேவுக்கு எரிச்சல் வந்தது. அவள் எரிச்சலுமே மரியாதையானதுதான். எழுந்தாள், ஒரு டப்பாவை எடுத்தாள், இரண்டு கைகளாலும் ஏந்தி, லேசாகக் குனிந்து, “தயவுசெய்து” என்று அவர் முன்னால் நீட்டினாள்.

ஓமோரியின் கைகள் அவரைக் கேட்காமலேயே வெளியே வந்தன. குனிந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் தான் வாங்கியதே அவருக்குத் தெரிந்தது. கட்டைவிரல் மடிப்பில் போய் உட்கார்ந்தது.

“அட!” என்றார்.

தொமோயே அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நூற்று நாற்பது பேரில் ஒருவர்கூடத் தானாகக் கையை நீட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் அவளேதான் மேசையைத் தாண்டிக் குனிந்து, இரண்டு கைகளாலும் நீட்டியிருக்கிறாள். வேறு எப்படிக் கொடுப்பது? அப்படி நீட்டினால் எப்படி வாங்காமலிருப்பது? மூன்று வருஷம் சோதித்த சோதனையில் இந்த ஒன்று மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை.

“ஏம்மா, என்ன அப்படிப் பார்க்கிற? திருப்பித் தரணுமா?” ஓமோரி இன்னும் தடவிக்கொண்டிருந்தார். “என் பழத்துக்கே இவ்வளவு நல்ல தோல் இல்ல. ச்சே.”

“அப்போ ஒவ்வொருத்தருக்கும் நான் கையில குடுக்கணும்” என்றாள் தொமோயே. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. “தெரியாதவங்களுக்கு.”

“தெரிஞ்சவங்களுக்கே விக்கறதுக்கு இது என்ன கல்யாண வீடா?”

அதற்கப்புறம் ஓமோரி வைத்த அட்டையை எடுத்துவிட்டு, அரைமணி நேரம் அவள் டப்பாவைக் கையில் ஏந்தியபடி மேசைக்கு முன்னால் நின்றாள். பத்துப் பேர் கடந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் கை நீளும், பாதியில் மடங்கிவிடும். பழக்கடையிலிருந்து ஓமோரி கண்ணால் ஜாடை காட்டினார், பிறகு மோவாயால் காட்டினார், கடைசியில் ஒரு தர்ப்பூசணியைத் தூக்கியே காட்டினார். பதினோராவதாகக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். தொமோயே கண்ணை மூடிக்கொண்டு நீட்டிவிட்டாள். பதற்றத்தில் வாய்க்கு வந்தது, விசிட்டிங் கார்டு கொடுக்கும்போது சொல்வதுதான்.

“நான் அகாகி. உங்களைச் சந்திச்சதுல ரொம்ப மகிழ்ச்சி.”

அந்த மனிதர் திடுக்கிட்டார். ஆனாலும் வளர்ப்பு வளர்ப்புதான். பையைத் தரையில் வைத்தார். குனிந்து இரண்டு கைகளாலும் வாங்கினார். “நான் உகாய். எனக்கும் மகிழ்ச்சி” என்றார். வாங்கிய கார்டை உடனே பைக்குள் போடுவது மரியாதை இல்லை என்பதால் மூடியில் இருந்த எழுத்தையெல்லாம் பொறுமையாகப் படித்தார். படிக்கப் படிக்கக் கட்டைவிரல் மேலும் கீழும் போனது. ஓமோரி ஒரு கூடைக்குப் பின்னால் குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“இது... ஜெல்லியா?”

“ஆமாங்க.”

“ரெண்டு குடுங்க. மாமனார் வீட்டுக்கு ஒண்ணு.”

தொமோயே அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கப் போனாள். இந்த ஊரில் அலமாரியின் முன்வரிசைப் பொருளை யாரும் எடுப்பதில்லை, நாலு பேர் கை படாத இரண்டாவதைத்தான் இழுப்பார்கள். “கை படாததா உள்ளேர்ந்து எடுத்துத் தர்றேன்” என்றாள்.

உகாய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “வேண்டாம். எனக்கு இதுவே இருக்கட்டும். மாமனாருக்குப் புதுசு குடுங்க.”

அன்று சாயங்காலத்துக்குள் இருபத்தாறு போனது. சனிக்கிழமை எழுபது. ஞாயிற்றுக்கிழமை தொமோயேவின் குரல் கம்மிவிட்டது, இடுப்பு குனிந்து குனிந்து கழன்றுவிடும்போல் இருந்தது. ஒவ்வொரு முறையும் பயந்தாள், ஒவ்வொரு முறையும் நீட்டினாள். பெயர் சொல்லும் பழக்கத்தையும் அவளால் விடமுடியவில்லை. பாதிப்பேர் பதிலுக்குப் பெயர் சொன்னார்கள், சிலர் தங்கள் வீட்டுக் கதையும் சொன்னார்கள். ஓமோரி அவளைச் ‘சட்டசபை வேட்பாளர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இருநூற்று நாற்பதாவது டப்பா போனது. அதை வாங்கிய அம்மாள் பையே வேண்டாம் என்று கையிலேயே கொண்டுபோனாள்.

குரிமோட்டோ வந்தபோது மேசை காலி. கூடவே கடையின் கொள்முதல் அதிகாரி நிஷினா அம்மாள். சிரிப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பவள்.

“பலே அகாகி சான்!” குரிமோட்டோ கைதட்டினார். “டப்பா பேசும்னீங்க, பேசிடுச்சே!”

“டப்பா பேசல” என்றாள் நிஷினா. “நான் சனிக்கிழமையிலேர்ந்து படிக்கட்டுல நின்னு பார்த்துட்டுத்தான் இருக்கேன். கணக்குப் பார்த்தேன், முதல் ரெண்டரை நாள் தனியா இருந்தப்போ அது பதினாலுதான் வித்துச்சு. காகிதம் நல்ல காகிதம், ஒத்துக்கறேன். ஆனா இவங்க கையில குடுத்தாத்தான் வாங்கறாங்க. மத்த ஊர்க் கிளைங்கள்ல யார் குடுப்பா? என் ஆளுங்களுக்கு நேரமில்ல. அலமாரியில சும்மா வச்சா முதல் ரெண்டரை நாள் கதைதான். மன்னிக்கணும் குரிமோட்டோ சான், பழைய டப்பாவே போதும்னு எனக்குத் தோணுது.”

நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

குரிமோட்டோ கூரையைப் பார்த்தார். நிஷினா சொன்னது உண்மைதான். ஓமோரிகூடத் தன் கூடைகளை நேராக்குவதுபோல் திரும்பிக்கொண்டார். தொமோயேவுக்கு அழுகை வந்தது. பதினோரு வருஷமாக எந்த இடத்தில் தலையை ஆட்டினாளோ அதே இடம்தான் இதுவும். ஆட்டினால் முடிந்துவிடும். நாளைக்கு அலுவலகத்தில் தன் மேசைக்குப் போய்விடலாம், யாரையும் பார்க்க வேண்டாம்.

“நான் குடுக்கறேன்” என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அவளுமே யார் பேசியது என்று ஒருகணம் திரும்பிப் பார்த்தாள்.

“ஏழு ஊர், அகாகி சான்” என்றார் குரிமோட்டோ மெதுவாக. இந்த முறை அவர் கேலி செய்யவில்லை. “ஊருக்கு ஒரு வாரம். முழுக்கோடையும் போயிடும்.”

“தெரியும் சார்.”

“தினமும் ஐநூறு பேராவது வருவாங்க. ஒருத்தரையும் முன்பின் தெரியாது.”

“எண்ணிச் சொல்லாதீங்க சார், இப்பவே ஓடிடணும்போல இருக்கு.”

நிஷினா அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மறுபடி திறந்தாள். “முதல்ல ஹிரோஷிமா” என்று எழுதிக்கொண்டே, “அடுத்த புதன். பத்து மணிக்குக் கடை திறக்கும்” என்றாள்.

தொமோயே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காகிதம் பிழைத்துவிட்டது. பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. எது கூடுதல் என்று கேட்டால் பயம்தான், சந்தேகமே இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திருப்பி வாங்கவில்லை. “ஒன்பதரைக்கே வந்துடறேன்” என்றாள்.