கேஸ் போட்ட கதை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தூத்துக்குடி முள்ளக்காட்டில், ஒரு டீக்கடையில். "முத்துமாரி கேஸ் போட்டுட்டாளாம்லா" என்று யாரோ சொன்னார்கள். வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த கொப்பரை வியாபாரி ஜாய்சன் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். சும்மா இருப்பேனா? காதைத் தீட்டிக்கொண்டேன்.

முதல் தொடக்கம்: 'உப்பளத்து வெயிலில் நீதி கேட்டு ஒரு பெண்…' (அடித்துவிட்டேன். அவள் எந்த நீதியும் கேட்கவில்லை.)

2

முத்துமாரி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவள். டீசல் கட்டுப்படியாகாமல், பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் பழைய எஞ்சினை விற்றுவிட்டு, விறகில் ஓடும் எஞ்சின் வாங்கினாள்.* ஊர் வாயில் அது 'கேஸ் எஞ்சின்'. ஆக, அவள் போட்டது கேஸ்தான். கோர்ட்டுக்குப் போகாத கேஸ். ஜாய்சனுக்கு இது தெரியாது. அவருடைய லாரி அவள் உப்பளக் கரை வழியாகத்தான் போய்வரும். அதற்குத்தான் தன்மேல் வழக்குப் போட்டுவிட்டாள் என்று நினைத்து, அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

*உடைமரத் துண்டுகளை மூடிய உலையில் அரைகுறையாக எரியவிட்டு, வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டுவது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

3

விறகுக்காரர் காயாத பச்சை உடைமரத்தைக் கொண்டுவந்து தள்ளிவிட்டார். எஞ்சின் இருமியது, தார் கக்கியது, நின்றது. பாத்தியிலோ தண்ணீர் சுண்டிக்கொண்டிருந்தது. புதுத் தண்ணீர் பாயாமல் வற்றினால் உப்பு கசந்துவிடும். கசந்த உப்பை எவரும் வாங்கமாட்டார்கள். காய்ந்த தேங்காய்ச் சிரட்டை போட்டால் எஞ்சின் ஓடும். அது குவிந்து கிடந்த ஒரே இடம் ஜாய்சனின் கொப்பரைக் களம்.

இங்கே முத்துமாரியை அழவைக்கப் பார்த்தேன். மசியவில்லை. நேரே போய் நின்றாள்.

"ஏலே ஜாய்சா, காஞ்ச சிரட்டை வேணும்."

"என் மேல கேஸ் போட்டுட்டு எங்கிட்டயே சிரட்டை கேக்கியோ?"

"உன் மேலயா? எஞ்சினுக்குல்லா போட்டேன்! கூறுகெட்ட பயலே, வந்து பாரு."

வந்து பார்த்தார். அப்போது அவர் முகம் போன போக்கு… (விடுங்கள், என்னால் ஆகாது.)

"மாதாவே! இதுக்கா இத்தன நாளா ஒறங்காம கெடந்தேன்?"

கொஞ்ச நேரத்தில் லாரி நிறையச் சிரட்டை வந்தது. அவரே சட்டையைக் கழற்றிவிட்டு உலையில் அள்ளிப் போட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது.

4

முடிவுதான் பாக்கி. ஒரு வரைவில் முத்துமாரி "நன்றி" என்றாள். மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. இன்னொன்றில் கையெடுத்துக் கும்பிட்டாள், ஜாய்சன் பதறிப்போய்… (வேண்டாம்.)

நடந்தது இதுதான். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நின்று அவள் அவரிடம் ஏதோ சொன்னாள். பின்னாலேயே போய்க் கரையில் நின்ற எனக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர் திருப்பிக் கத்தியது நன்றாகக் கேட்டது: "போக்கா, இதுக்கெல்லாமா சொல்லுவாவ!"

ஜாய்சனுக்கு, சிரட்டைக்கு, அந்தச் சத்தத்துக்குக்கூட நன்றி சொல்லவேண்டும்போல் எனக்கு இருந்தது. ஆனால் அவள் சொன்னதை நான் இட்டுக்கட்டமாட்டேன். சமயத்தில் கைகொடுத்த ஒருவர் உங்களுக்கும் இருப்பார். அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லியிருக்கமாட்டீர்கள். அவரை நினைத்துக்கொண்டு முத்துமாரியின் வரியை நீங்களே எழுதுங்கள்:

"தம்பி, …