கழுவாத ஆன்டிபாடி

எங்கள் ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக இதழிலிருந்து மின்னஞ்சல் வந்த அதே வியாழக்கிழமைதான் ரூபேந்திரன் அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்பதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை அந்த மனிதருக்கு.

"டாக்டர் ஃபாயிஸா, ரெண்டு பாட்டிலையும் கழுவினோமா?"

ஜொகூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நானும் அவரும் மூன்று வருடமாக ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம். புற்றுநோய்ச் செல்கள் இரத்தக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் உடம்பில் வேறு இடத்துக்குக் குடிபோகின்றன. ஒட்டுவதற்கென்றே அவற்றின் மேல் ஒரு மூலக்கூறு இருக்கிறது. அதை ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஒன்றால் மூடிவிட்டால் செல் ஒட்டாது என்பது என் கட்சி. ஒட்டவும் இல்லை. படம் படமாக எடுத்து வைத்திருந்தோம். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் ரூபேந்திரன் சிங்கப்பூரில் ஒரு வேலைக்கு மனு போட்டிருந்தார். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. செடெனாக்கில் வீடு, இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. அந்த வேலையை அவர் எவ்வளவு நம்பியிருந்தார் என்று எனக்குத் தெரியும்.

"கழுவாம என்ன? இப்பதான் ஞாபகம் வந்திச்சா?" என்று சீறினேன்.

அவர் பழைய குறிப்பேட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

பாட்டிலில் வரும் ஆன்டிபாடி கெட்டுப்போகாமலிருக்க அசைடு என்ற நஞ்சைத் துளி சேர்த்திருப்பார்கள். உயிருள்ள செல்லில் விடுவதற்கு முன் அதைக் கழுவி எடுத்துவிட வேண்டும். கழுவினால் ஆன்டிபாடியில் மூன்றில் ஒரு பங்கு வீணாகும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரண ஆன்டிபாடி நிறைய இருந்தது, அதைத் தாராளமாகக் கழுவியிருக்கிறேன். நாங்கள் சோதித்த ஆன்டிபாடியோ சொட்டுக் கணக்கில்தான் இருந்தது. பெக்கான் நானாஸில் சாப்பாட்டுக்கடை நடத்தியவரின் மகள் நான். மீந்த சால்னாவைக்கூட அத்தா கொட்ட விடமாட்டார். எனக்கும் அதே புத்தி. 'இதில் அசைடு குறைவு, கழுவ வேண்டாம்' என்று என் கையாலேயே எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன்.

"அப்ப செல் ஒட்டாம இருந்தது அசைடாலயும் இருக்கலாம் இல்லையா, டாக்டர்?"

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தேன்.

மிச்சமிருந்த ஆன்டிபாடியை அன்றைக்கே கழுவப் போட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் சோதனைத் தட்டின் குழிகளில் செல்களை விட்டுப் பார்த்தோம். கழுவிய ஆன்டிபாடி இருந்த குழிகளில் செல்கள் ஜம்மென்று ஒட்டிக்கொண்டிருந்தன. வெறும் அசைடு விட்ட குழிகளில் ஒட்டியவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். மூன்று வருடம் போச்சு!

"இதைச் செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கலாம் இல்ல, ரூபன்? இன்டர்வியூ முடிஞ்சிருக்கும் லா."

"இன்டர்வியூவுக்குப் படிக்கத்தான் டாக்டர் அந்த நோட்டை எடுத்தேன். பார்த்ததுக்கு அப்புறம் அங்க போய் என்னத்தப் பேசுறது?"

திங்கட்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, அரை மணி நேரம் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று இதழுக்குக் கடிதம் எழுதினேன். தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் ரூபேந்திரன் என்று இரண்டையும் எழுதி, ஒரு பிரதியை அவரிடம் நீட்டினேன்.

"இன்டர்வியூ ஃபைல்ல இருக்கிற கட்டுரைய எடுத்திடுங்க. அதுக்குப் பதிலா இதை வைங்க."

"உங்க பேரு கெட்டுப் போகுமே, டாக்டர்."

"கெட்டா கெடட்டும். வீட்டுக்குப் போங்க, சும்மா நின்னு என் உயிர வாங்காதீங்க."

இரண்டு வாரம் கழித்து, காலையில் உள்ளே நுழையும்போதே அவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"கெடைச்சிருச்சு டாக்டர்! உங்க லெட்டரை இன்டர்வியூ பண்ணின மூணு பேரும் மாத்தி மாத்திப் படிச்சாங்க. அடுத்த மாசமே வரச் சொல்லிட்டாங்க."

"நல்லா இருங்க," என்று மனதாரச் சொன்னேன். அவர் மனைவிக்குக் கொடுக்கச் சொல்லி, என் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பிரியாணியையும் கையில் திணித்தேன். அப்புறம் குளிரறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். இனி நான் தப்புச் செய்தால், ஏன் என்று கேட்க அங்கே ஆள் கிடையாது.