மெழுகு போட்ட தரை

இந்தக் காலத்து மனிதர்களுக்கு எதையாவது ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நகத்தை ஒட்டுகிறார்கள், கண் இமையை ஒட்டுகிறார்கள், யாருடைய முடியையோ தலையில் ஒட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள். இப்போது தரையையும் ஒட்டப் போகிறார்களாம். பின்னாலிருக்கும் காகிதத்தை உரித்துத் தபால்தலை மாதிரி அழுத்தினால் அது தரையாம். லுவான்ஷ்யா செம்புச் சுரங்கத்தில் பாறை குடைந்து காலம் தள்ளிய கபாசாவுக்கு, டைல்ஸ் பெட்டியைப் பார்த்ததுமே நெற்றி சுருங்கியது.

பெட்டிகளை அனுப்பியவன் மாப்பிள்ளை லோம்பே. நாளை அவனை வீட்டுக்குள் அழைக்கும் நாள். மகள் மும்பியைக் கட்டி மூன்று வருஷமாகியும் அவன் இன்னும் இந்த வாசலைத் தாண்டியதில்லை. முறைப்படி விருந்து வைத்து, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும் வரை மாப்பிள்ளை வெளியாள்தான். போன மழைக்காலத்தில்கூட மாமரத்தடியில் குடை பிடித்தபடிதான் சாப்பிட்டான். மும்பி பலமுறை கெஞ்சிவிட்டாள். கபாசாதான் அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரியட்டும் என்பார்.

"அப்பா, நாளைக்கு அவர் உள்ள வரும்போது அவர் வாங்கின டைல்ஸ் மேல கால் வைக்கணும்" என்றாள் மும்பி. "பழைய மெழுகையெல்லாம் சோடா போட்டுத் தேச்சு எடுத்துட்டேன். நீங்க ஒட்டுங்க. நானும் அம்மாவும் சமையலைப் பாக்கணும்."

கபாசா கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். வாராவாரம் முட்டிபோட்டு அவரே சிவப்பு மெழுகு தேய்த்துப் பளபளக்க வைத்த தரை, சாம்பல் பூத்துக் கிடந்தது. தோலுரித்த கோழி மாதிரி இருந்தது. பெண்கள் சந்தைக்குப் போகும் வரை பொறுத்திருந்தார். பிறகு மெழுகு டப்பாவையும் துணியையும் எடுத்தார். மூடப்போகிற தரைதான். அதற்காக அழுக்கோடு மூடுவதா? குளிக்காமல் யாராவது புதுச் சட்டை போடுவார்களா? அவர்கள் திரும்பி வருவதற்குள் தரை பழையபடி ஜொலித்தது. பெண்கள் கூடத்துப் பக்கமே வராமல் நேராகக் கொல்லைப்புற அடுப்புக்குப் போனார்கள்.

மாப்பிள்ளை சன்னலுக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே பார்க்கக் கூடாது என்பதால் வீட்டுக்கு முதுகைக் காட்டி, மாமரத்தைப் பார்த்துப் பேசினான்.

"மாமா, மொதல்ல நடுவுல ரெண்டு கோடு போட்டுக்குங்க. நூல்ல கரித்தூள் தடவி இழுத்துச் சுண்டினா போதும்."

"எனக்குக் கோடு போடத் தெரியும். மேல சொல்லு."

"தரை காஞ்சிருக்கா மாமா?"

"காஞ்சிருக்கு. முகம் பாக்கலாம், அவ்வளவு பளபளப்பு."

லோம்பே பாதி திரும்பிவிட்டு, சட்டென்று மறுபடி மாமரத்தைப் பார்த்தான்.

"பளபளப்பா மாமா? மும்பி தேச்சதுக்கு அப்புறம் யாரும் எதுவும் பூசலையே?"

"என் வீட்டுத் தரைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா? அடுத்தது என்ன, அதைச் சொல்லு!"

மாமனாரிடம் ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்பது மரியாதை இல்லை. லோம்பே அடுத்ததைச் சொன்னான். "டைலுக்குப் பின்னால அம்புக்குறி இருக்கும் மாமா. எல்லாம் ஒரே பக்கம் பாக்கணும். வெச்சிட்டு பாட்டிலை உருட்டி அழுத்துங்க."

கபாசா உரித்தார், வைத்தார், உருட்டினார். கதவு நிலைக்கருகே காகிதத்தில் அளவு வெட்டி, அதன்படி டைலைக் கத்தியால் அறுத்தார். அந்த வேலை கொஞ்சம் பிடித்தும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபோது கூடம் முழுக்க வெள்ளையும் நீலமுமாக மின்னியது. கால் கட்டைவிரலால் ஒரு டைலை அழுத்திப் பார்த்தார். ஒட்டியிருந்தது.

"பாக்கலாம்" என்றார்.

மறுநாள் லோம்பேயின் தாய்மாமா சிலேஷே தன் ஆட்களோடு வந்து கூடத்துப் பாயில் கால் நீட்டி உட்கார்ந்தார். லோம்பே வாசற்படிக்கு வெளியே தலைகுனிந்து காத்திருந்தான். சாப்பாடு உள்ளே போனதும் அவனைக் கூப்பிட வேண்டும்.

சாப்பாட்டைக் கொண்டுவரும் பெண்கள் முழங்காலில் நகர்ந்துதான் வரவேண்டும். முதலில் வந்தவள் கபாசாவின் அக்கா காசோன்டே. நல்ல கனத்த சரீரம். கையில் ஆவி பறக்கும் ன்ஷிமாக் களிப் பானை. முதல் டைலில் ஒரு முட்டி வைத்தாள், இரண்டாவதில் மற்றொன்று. அவ்வளவுதான். இரண்டு டைல்களும் அவளைச் சுமந்துகொண்டு கிளம்பின. பானையைக் கெட்டியாகப் பிடித்தபடி காசோன்டே கூடத்தின் குறுக்கே சர்ரென்று போய், சிலேஷேயின் உள்ளங்காலில் முட்டி நின்றாள். களி ஒரு துளிகூடச் சிந்தவில்லை.

வெளியே நின்ற பெண்களுக்கு விஷயம் புரியவில்லை. இது புது மோஸ்தர் என்று நினைத்துக் குலவையிட்டார்கள்.

பின்னால் கோழிக் குழம்போடு வந்த மும்பியின் அம்மா எழுந்தபோது, அவள் இடுப்பில் சுற்றியிருந்த துணியில் ஒரு டைல் ஒட்டிக்கொண்டு ஆடியது.

"நல்ல மாப்பிள்ளைடா உன் மாப்பிள்ளை!" என்று காசோன்டே மூச்சிரைத்தாள். "போலிப் பசையை வாங்கிக் குடுத்து என்னை ஆத்துல விட்டுட்டான். இவனையா உள்ள கூப்பிடப்போற?"

சிலேஷேயின் முகம் இறுகியது. "எங்க பையன் ஏமாத்துக்காரன்னு சொல்றீங்களா? கூப்பிட்டு உக்காரவெச்சு அவமானப்படுத்தவா வரச் சொன்னீங்க?" பாயிலிருந்து எழுந்தார். அவருடைய ஆட்களும் எழுந்தார்கள்.

அவர்கள் படியிறங்கினால் லோம்பேயும் அவர்கள் பின்னால் போயாக வேண்டும். அப்புறம் மறுபடி தூது, மறுபடி மாமரத்தடி. சமையல்கட்டு வாசலில் மும்பி நின்றாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, அப்பாவை மட்டும் பார்த்தாள்.

கபாசா குனிந்து ஒரு டைலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பசை முழுக்கச் சிவப்பு. லோம்பே படிக்கு வெளியே இன்னும் தலை குனிந்தே இருந்தான். பளபளப்பு என்று கேட்டதுமே இவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் நேற்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"உக்காருங்க எல்லாரும்" என்றார் கபாசா. "பையன் சரக்குல கோளாறு இல்ல. மெழுகு நான் போட்டது."

"என்னடா சொல்ற?" என்றாள் காசோன்டே.

"நேத்து காலையில மெழுகு போட்டேன். என் வீடு, என் தரை. அழுக்கோட மூட மனசு வரல. போதுமா?"

முதலில் சிரித்தது சிலேஷேதான். சிரித்துக்கொண்டே பாயில் விழுந்தார். காசோன்டே தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "மூடப்போற தரைக்கு மெழுகு போட்டானாம்! பொணத்துக்குப் பல் வெளக்குவடா நீ!"

பிறகு அவளே படிக்குப் போய் லோம்பேயின் கையைப் பிடித்தாள். "வாங்க மாப்பிள்ளை. பாத்து வாங்க, உங்க மாமனார் வழுக்கி விடறதுக்கு ஏற்பாடு பண்ணியிருக்கார்." லோம்பே உள்ளே காலை வைத்தான். ஒரு சாண் வழுக்கினான். குலவை தெருமுனை வரை கேட்டது.

சாப்பிட்டு முடிந்து, எல்லோரும் சோளத்தில் புளிக்கவைத்த முன்கோயோ குடித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டான். வீட்டு ஆளாகிவிட்டான், இனி யாரும் தடுக்க முடியாது. மண்ணெண்ணெய்த் துணியால் மெழுகைத் துடைத்தெடுத்தான். பசையில் மெழுகேறிய டைல்களை ஓரமாகத் தள்ளி, மீதிப் பெட்டியைப் பிரித்தான். மும்பி பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தை உரித்துக் கொடுத்தாள்.

"மாமா, இந்த மூலையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க."

கபாசா பிடித்தார். கையை எடுத்தார். நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா? இனிமே மெழுகே வேணாம். ஈரத்துணியால தொடச்சா போதும்."

"ஒரு மழை போகட்டும். அப்புறம் சொல்லு."

"எத்தனை மழை வந்தாலும் நிக்கும் மாமா."

"பசையை நம்பி வீடு கட்டறவன் நீ. நான் இல்ல." கபாசா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூலையிலிருந்த மெழுகு டப்பாவையும் துணியையும் எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். வாசற்படிக்கு டைல் போடவில்லை, அது இன்னும் சிமெண்டுதான். அதற்கு ஒரு கை மெழுகு போடலாம் என்று புதுத் தரையின் ஓரமாக, சுவரைப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியையும் சோதித்துப் பார்த்துக்கொண்டே வெளியே நடந்தார்.